நடுவழியில் ஒரு சூரியப் புயல்: ஊட்டி பார்த்ததும் பார்க்காததும்

சூரியனில் இருந்து ஒரு சி.எம்.இ. கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தால் கூடவே ஒரு வேகமும் வரும். "நொடிக்கு 1,200 கிலோமீட்டர் வேகத்தில் பூமியை நோக்கி" என்ற மாதிரி. எண் பொய்யில்லை. ஆனால் அது எதனுடைய வேகம், எங்கே வைத்து அளந்தது, எந்தப் பக்கம் போகிற வேகம் என்று யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. தூரத்தை அந்த எண்ணால் வகுத்து, "நாளை மாலை தாக்கும்" என்று தலைப்பும் போட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பதிவு அந்த எண்ணைப் பற்றியது. கிளம்பிய பிறகு வழியில் அந்த எண்ணுக்கு என்ன ஆகிறது என்று தமிழ்நாட்டில் இருந்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை வைத்து பி.கே. மனோகரன் 2006-ல் 'சோலார் ஃபிசிக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை அது. 30 பெரிய சி.எம்.இ.க்களை சூரியனில் இருந்து பூமி வரை பின்தொடர்கிறது. முக்கியமான கட்டுரை என்பதால்தான் அதை உரசிப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் பேர் பஞ்சாயத்தை முடித்துவிடலாம். சூரியனைச் சுற்றியிருக்கிற மெல்லிய வெளி வளிமண்டலத்துக்கு கரோனா என்று பேர். 2020-க்கு அப்புறம் தமிழில் அந்தச் சொல்லைத் தேடினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். ஒளிவட்டம், ஒளிவளையம், மகுடம் என்று ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள், எதுவும் நிலைக்கவில்லை. அந்தக் கரோனாவில் முறுக்கேறிக் கிடக்கும் காந்தப்புலம் ஒரு கட்டத்தில் அறுத்துக்கொண்டு, நூறு கோடி டன் அளவில் மின்னூட்டம் பெற்ற வாயுவையும் இழுத்துக்கொண்டு வெளியே பாய்வதுதான் சி.எம்.இ. நான் இங்கே சி.எம்.இ. என்றே எழுதுகிறேன். 'சூரியப் புயல்' என்ற சொல்லில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. கிளம்பியதும் புயல், வழியில் வருவதும் புயல், பூமியின் காந்தப்புலம் ஆடுவதும் புயல் என்றால் எது எது என்று பிரிக்கவே முடியாது.

ஆனாலும் கோட்டக்குப்பத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குப் புயல் உதாரணத்தைத் தவிர்ப்பது கஷ்டம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்ததே, அதை எடுத்துக்குங்க. அது எப்போது புயலாக மாறும், எப்போது கரை கடக்கும் என்று சொன்ன நேரமெல்லாம் தள்ளிக்கொண்டே போனது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. கடந்ததும் போயிருக்க வேண்டியது, போகாமல் மறுநாளும் இங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. காற்று பெரிதாக இல்லை. நின்றதுதான் சேதம்.

அங்கே ரெண்டு வேகம் இருந்ததைக் கவனியுங்க. புயலுக்குள் சுற்றுகிற காற்றின் வேகம் ஒன்று, புயல் மொத்தமாக இடம் பெயர்கிற வேகம் இன்னொன்று. மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்று சுழலும்போது புயல் 10 கிலோமீட்டரில் நகர்ந்துகொண்டிருக்கும். கடற்கரைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சி.எம்.இ. செய்தியில் மட்டும் இந்த ரெண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தருகிறார்கள். அதுவும் தெரியாமலே.

எப்படிக் குழைகிறது என்று பார்க்க, அந்த எண் பிறக்கிற இடத்துக்குப் போகணும். 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தில் லாஸ்கோ என்ற கரோனாகிராஃப் இருக்கிறது. வெயிலில் கண்ணைக் கூசும்போது உள்ளங்கையால் சூரியனை மறைத்துக்கொண்டு பக்கத்தில் பறக்கிற காக்காயைப் பார்ப்போமே, அதே வேலைதான். நடுவில் ஒரு தட்டு சூரியனை மறைக்கும், சுற்றியிருக்கிற மங்கலான கரோனா தெரியும். சி.எம்.இ. தானாக ஒளிர்ந்து தெரிவதில்லை. அதில் இருக்கிற எலக்ட்ரான்கள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் தெரிகிறது. நம் பார்வைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் போகிற சி.எம்.இ. நன்றாகத் தெரியும். நேராக நம்மை நோக்கி வருவது மோசமாகத் தெரியும். நமக்கு ஆபத்தானது எது? நேராக வருவதுதான்.

நேராக வருவது சூரியனைச் சுற்றி ஒரு வளையம் விரிகிற மாதிரி தெரியும். ஹேலோ சி.எம்.இ. என்பார்கள். ராத்திரி ஈ.சி.ஆர். ரோட்டில் எதிரே வர்ற பஸ்ஸின் ரெண்டு ஹெட்லைட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதைப் பார்த்திருப்பீங்க. அந்த விலகலை மட்டும் அளந்து, "பஸ் இத்தனை வேகத்தில் வருகிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பஸ்ஸின் அகலம் மாறாது என்பதால் அங்கேயாவது கணக்குப் போட்டுவிடலாம். சி.எம்.இ. வரும்போதே ஊதிக்கொண்டும் வருகிறது. ஆக, ஹேலோவின் வேகம் என்று அச்சாவது பெரும்பாலும் பக்கவாட்டில் விரிகிற வேகம். நம்மை நோக்கி வருகிற வேகத்துக்கும் அதற்கும் உறவு உண்டு, ஆனால் ரெண்டும் ஒன்றல்ல.

இதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. நாட் கோபால்சாமி குழுவினர் நாசாவின் கோடார்ட் மையத்தில் பராமரிக்கும் லாஸ்கோ சி.எம்.இ. அட்டவணையில், இது வானத் தளத்தில் தெரிகிற வேகம், திருத்தம் செய்யப்படாதது என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். செய்தியாகும்போதுதான் அந்த வரி கழன்று விழுகிறது.

அந்தப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் பார்க்கிற கறுப்பு வெள்ளைப் படங்களில் பல 'வித்தியாசப் படங்கள்'. இப்போதைய படத்தில் இருந்து முந்தைய படத்தைக் கழித்தது. கழித்தால்தான் மங்கலான சி.எம்.இ. எடுப்பாகத் தெரியும். ஆனால் அதில் வெள்ளை என்றால் 'இப்போது கூடியது', கறுப்பு என்றால் 'இப்போது குறைந்தது', அவ்வளவுதான். முன் முகப்பு, அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம், நடுவில் பிரகாசமான கரு என்று மூன்று பகுதி கொண்ட அமைப்பைப் பாடப் புத்தகத்தில் காட்டுவார்கள். அது நிஜமாகவே பல சி.எம்.இ.க்களில் உண்டு. வித்தியாசப் படத்தில் தெரிகிற கறுப்பையெல்லாம் அந்த வெற்றிடம் என்று வாசித்துவிடுவதுதான் ஆபத்து. அது சி.எம்.இ. பத்து நிமிஷம் முன்னால் நின்ற இடமாகக்கூட இருக்கலாம்.

சரி, தூரங்களுக்கு வருவோம். சூரியனின் ஆரம் ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ. பூமி இருப்பது 215 ஆரங்கள் தள்ளி. லாஸ்கோவுக்கு 30 ஆரம் வரைதான் பார்வை. அதன்பின் பூமிக்கு 15 லட்சம் கி.மீ. முன்னால் எல்-1 புள்ளியில் நிற்கும் விண்கலங்களின் மேல் வந்து மோதும்போதுதான் அடுத்த நேரடித் தகவல். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், போர்ட் பிளேரில் கிளம்பிய புயலை முதல் 200 கி.மீ. வரை பார்க்கிறோம். பிறகு கண்ணைக் கட்டிக்கொள்கிறோம். புதுச்சேரிக் கடற்கரைக்கு 14 கி.மீ. முன்னால் கட்டை அவிழ்க்கிறோம். இடையில் இருக்கிற கிட்டத்தட்ட 1,200 கி.மீ.க்கு, ஆரம்ப வேகத்தை வைத்து ஒரு கோடு.

இந்த இருட்டு நடுவழியில்தான் ஊட்டி வருகிறது.

முத்தோரையில் மலைச்சரிவில் கிடக்கிற அந்தத் தொலைநோக்கியைப் பார்த்திருக்கிறீர்களா? 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 எஃகுச் சட்டங்கள், அவற்றின் மேல் தறியில் பாவு இழுத்த மாதிரி நீள நீளமாக 1,100 எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் கட்டி 1970-ல் இயக்கத்துக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் எலக்ட்ரானிக்ஸ் இல்லை, அந்த இடத் தேர்வு. ஊட்டி இருப்பது நிலநடுக்கோட்டில் இருந்து சுமார் 11 டிகிரி வடக்கே. வடக்குத் தெற்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கிடத்திவிட்டார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே ஒரு அச்சில் உருட்டினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். கோட்டக்குப்பமும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான், சரிவுதான் நமக்கு இல்லை.

கட்டியது வேறு வேலைக்கு. தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும்போது அளப்பதற்கு. சூரியக் காற்றை அளக்க அது பயன்படுவது இப்படி: மரக்காணம் உப்பளம் பக்கம் நல்ல வெயிலில் நின்று பாருங்க. பாத்திகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உப்பு அம்பாரம் நெளியும். நெளிவது அம்பாரமில்லை, இடையில் இருக்கிற சூடான காற்று. அதே மாதிரி, மிகத் தொலைவில் இருக்கிற ஒரு குவாசாரின் ரேடியோ அலை சூரியக் காற்றைக் கடந்து வரும்போது நொடிக்கு நொடி கூடிக் குறைகிறது. 1964-ல் கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹியூவிஷ் குழு கண்டறிந்தது இது. இதற்காகக் கட்டிய ஆன்டெனாவில்தான் 1967-ல் ஜோஸ்லின் பெல் முதல் பல்சாரைப் பிடித்தார். ஒவ்வொரு மூலமும் சூரியனில் இருந்து இத்தனை தூரத்தில் இவ்வளவு சிமிட்டும் என்று ஒரு வழக்கமான அளவு உண்டு. ஒரு நாள் அது திடீரென்று ரெண்டு மடங்கானால், அந்தப் பார்வைக்கோட்டின் குறுக்கே ஏதோ கொந்தளிப்பு போகிறது என்று அர்த்தம். பார்த்த அளவை வழக்கமான அளவால் வகுத்தால் வருவதை ஜி என்பார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மூலங்களுக்கு இதைச் செய்து வரைபடம் போட்டால், கோள்களுக்கு இடையே சி.எம்.இ. போவதை நிலத்தில் நின்றே பார்க்கலாம். செயற்கைக்கோள் வேண்டாம்.

மனோகரனின் கட்டுரை செய்தது, லாஸ்கோ படங்களில் கிளம்புவதைப் பார்த்து, ஊட்டி வரைபடங்களில் நடுவழியைப் பார்த்து, பூமிக்கருகே விண்கலத்தில் பதிவான வருகையோடு ஒப்பிட்டு, 30 சி.எம்.இ.க்களின் வேகம் தூரத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைந்தது. எல்லாம் 150 டிகிரிக்கு மேல் அகலம் கொண்ட பெரியவை. ஆரம்ப வேகம் நொடிக்கு 260 கி.மீ.யில் இருந்து 2,600 கி.மீ. வரை. முடிவுகளில் ரெண்டு முக்கியம். ஒன்று, பெரும்பாலானவை பூமியின் தூரத்துக்கு வரும்போதோ அதைத் தாண்டியோ சுற்றியிருக்கிற சூரியக் காற்றின் வேகத்துக்கே இறங்கி (அல்லது ஏறி) விடுகின்றன. இன்னொன்று, ஏறக்குறைய 80 ஆரம் வரை சி.எம்.இ.யின் உள் ஆற்றல், அதாவது அதன் விரிவு, ஆதிக்கம் செலுத்துகிறது. அதைத் தாண்டினால் சூரியக் காற்றோடு நடக்கிற உராய்வுதான் எஜமான்.

இதன் அருமை புரிய அந்தக் காலத்தில் வேறு என்ன இருந்தது என்று பார்க்கணும். கோபால்சாமி குழுவினர் 2001-ல் முன்வைத்த கணிப்பு முறையில், சி.எம்.இ. பூமியின் தூரத்தில் 0.76 பங்கு வரை ஒரே சீராக முடுக்கமோ தளர்ச்சியோ அடைகிறது, அப்புறம் மாறாத வேகத்தில் வருகிறது. எளிமையானது, பயனுள்ளது, பலர் பயன்படுத்தினார்கள். ஆனால் நடுவழியில் அளந்த புள்ளிகளின் மேல் நிற்பதல்ல. ரெண்டு முனைகளும் பொருந்துகிற மாதிரி போட்ட கோடு. ஊட்டி நடுவில் உண்மையான புள்ளிகளை வைத்தது. புள்ளி வைத்ததும் கோடு வளைந்தது. இதை யாராலும் குறைத்துப் பேச முடியாது.

இப்போது என் விமர்சனம்.

முதல் சந்தேகம், நாம் பின்தொடர்வது ஒரே பொருளைத்தானா? லாஸ்கோ பார்ப்பது எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை. ஊட்டி பார்ப்பது அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தை, கொந்தளிப்பை. வேகமான சி.எம்.இ.க்கு முன்னால் ஒரு அதிர்ச்சி அலை போகும், ரெண்டுக்கும் நடுவே சூரியக் காற்று அமுங்கிக் கொந்தளித்துக் கிடக்கும். ஜி கூடுவது பெரும்பாலும் அங்கேதான். உள்ளே இருக்கிற காந்தக் கயிறு ஒப்பீட்டளவில் அமைதியானது. படகையும் படகு தள்ளிக்கொண்டு போகிற அலையையும் யோசித்துப் பாருங்க. தொடக்கத்தில் படகின் மூக்கை அளந்து, நடுவில் அலையை அளந்து, கரையில் எது முதலில் தொட்டதோ அதை அளந்து, மூன்றையும் ஒரே வளைகோட்டில் இணைத்தால், கோட்டில் தெரிகிற வளைவில் கொஞ்சம் படகு வேகம் குறைந்ததால் வந்தது, கொஞ்சம் ஆளை மாற்றியதால் வந்தது. எவ்வளவு எது என்று இந்த ரெண்டு கருவிகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

ரெண்டாவது, அந்த 80 ஆரம். லாஸ்கோவின் பார்வை 30-ல் முடிகிறது. ஊட்டி இயங்கும் 327 மெகாஹெர்ட்ஸில், சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் சிமிட்டல் தாறுமாறாகிவிடும், சுமார் 40 ஆரத்துக்கு அப்பால்தான் நம்பி வாசிக்கலாம். ஆக 30-க்கும் 40-க்கும் நடுவே ஒரு தையல். தையலுக்கு இந்தப் பக்கம் வானத் தளத்தில் தெரிகிற வேகம், அந்தப் பக்கம் வேறு வடிவக் கணக்கில் வருகிற வேகம். இயற்பியல் மாறுகிறது என்று சொல்லப்படும் இடம் கருவி மாறுகிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். 30 நிகழ்வுகளின் சராசரியில் வந்த எண் அது, ஒவ்வொரு சி.எம்.இ.க்கும் 80-ல் கியர் மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில மேற்கோள்களில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நியாயமும் சொல்லணும். மொத்தத் தளர்ச்சி என்பது தையலால் வந்த மாயை ஆக முடியாது. 2,000 கி.மீ. வேகத்தில் கிளம்பியது பூமிக்கு வரும்போது அதில் பாதியோ அதற்கும் கீழோ ஆகிறதென்றால், எந்தக் கோணத் திருத்தமும் அதை முழுசாக விழுங்காது. 2006 அக்டோபரில் ஏவப்பட்ட ஸ்டீரியோ இரட்டை விண்கலங்கள் பக்கவாட்டில் இருந்து நடுவழியைப் படமெடுத்தபோதும் வேகமானவை தளர்வது தெரிந்தது. இழுவிசையை மையமாக வைத்த வ்ர்ஷ்னாக் குழுவின் கணிப்பு முறை இன்று பரவலாகப் புழங்குகிறது. கட்டுரையின் எலும்பு உறுதி. மூட்டு எங்கே என்பதில்தான் என் கேள்வி.

மூன்றாவது, ஊட்டி வரைபடத்தைப் படமாக வாசிப்பதில் இருக்கிற சிக்கல். ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகிற சி.எம்.இ. ஒரு மணி நேரத்தில் 4 ஆரத்துக்குக் கொஞ்சம் மேல் நகரும். ஒரு நாளின் அளவீடு ஒன்பது மணி நேரம் நடந்தால் அதற்குள் அது 37 ஆரம் நகர்ந்துவிட்டது. அதாவது மொத்த வழியில் ஆறில் ஒரு பங்கு. வரைபடத்தின் ஒரு ஓரம் காலையில் எடுத்தது, மறு ஓரம் சாயங்காலம் எடுத்தது. மொபைலில் பனோரமா எடுக்கும்போது நடுவில் ஒரு பஸ் ஓடினால் பஸ் நீண்டோ குட்டையாகவோ விழுமே, அதேதான். இந்த நேரக் கணக்கைச் சரிசெய்து முப்பரிமாணத்தில் மீட்டெடுக்க வழிகள் உண்டு. கலிபோர்னியா பல்கலையின் பெர்னார்ட் ஜாக்சன் குழு அதில் நிறைய உழைத்திருக்கிறது. ஆனால் அப்படிச் சரிசெய்யாத ஒரு ஜி-வரைபடத்தைப் போட்டு, "சி.எம்.இ.யின் வடிவம் இதோ" என்று சொல்வதை ஒரு கருத்தரங்க ஸ்லைடில் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை மணிக்கு?

சாயங்காலத்துக்கு அப்புறம் ஊட்டிக்கு அந்தப் பகுதி மறைந்துவிடும். ஜப்பானில் நாகோயா பல்கலையின் நிலையங்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன, மெக்சிகோவில் மெக்ஸ்ஆர்ட் இருக்கிறது, ஐரோப்பாவில் லோஃபார் இருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் கோல் கைமாற்றுவது போல ஒரு சி.எம்.இ.யை நாள் முழுக்கக் கைமாற்றலாம். தத்துவப்படி.

நாலாவது, கணிப்பு என்ற சொல். கட்டுரை தரும் வேக வளைகோடுகளில் இருந்து போட்ட பயண நேரம், நிஜமாக வந்த நேரத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்கிறது. சந்தோஷம். ஆனால் எல்லாம் வந்து முடிந்த பிறகு செய்த ஆய்வு இது. எந்தச் சி.எம்.இ. எப்போது வந்தது என்ற விடை கையில் இருக்கும்போது நடுப்புள்ளிகளை இணைப்பது ஒரு திறமை. விடை தெரியாமல் இன்று ராத்திரி இணைப்பது வேறு திறமை. இன்றைய நிலவரம் அவ்வளவு உற்சாகமாக இல்லை. உலகின் பல கணிப்பு முறைகளை 2018-ல் ஒப்பிட்டபோது வருகை நேரத்தில் சராசரிப் பிழை 10 மணி நேரம் என்ற அளவில் நின்றது. ஒரு நாள் முன்னால் கிடைக்கிற எச்சரிக்கையில் 10 மணி நேரம் முன்னே பின்னே! மீனவர்களிடம் இப்படி ஒரு புயல் எச்சரிக்கை சொன்னால் என்ன பதில் வரும் என்று எழுத முடியாது.

2024 மே மாதப் புயல் இந்தப் பிரச்சினையை இன்னும் சிக்கலாக்கியது. ஒரே சூரியப் புள்ளிக் கூட்டத்தில் இருந்து வரிசையாகப் பல சி.எம்.இ.க்கள் கிளம்பி, ஒன்றை ஒன்று எட்டிப் பிடித்து, கலந்து, மே 10-11-ல் வந்து சேர்ந்தன. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. லாஸ்கோவில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, எல்-1-ல் ஒன்று என்று ஜோடி சேர்க்கிற முறை அங்கே எப்படி நிற்கும்? வந்து சேர்ந்தது எந்தச் சி.எம்.இ. என்ற கேள்விக்கே அர்த்தமில்லாமல் போய்விடுகிறது. தனித்தனியாகப் பிரிந்து வருகிற நிகழ்வுகளுக்குத்தான் 30 நிகழ்வு ஆய்வின் முறை பொருந்தும். மோசமான புயல்கள் பலவும் தனியாக வருவதில்லை.

இந்த இடத்தில் ஆதித்யா-எல்1 பற்றிக் கேட்பீங்க. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி 2024 ஜனவரி 6-ல் எல்-1 சுற்றுப்பாதையில் நின்றது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதால் நம்ம பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் "சூரியப் புயலை முன்கூட்டியே எச்சரிக்கும்" என்று எல்லோரும் ஒரே வரியை எழுதினார்கள். அதன் கரோனாகிராஃபான வெல்க், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்தது. சூரிய மையத்தில் இருந்து 1.05 ஆரத்தில் தொடங்கி 3 ஆரம் வரை பார்க்கிறது. லாஸ்கோவில் அந்த உட்பகுதியைப் பார்த்த கருவி 1998-லேயே நின்றுபோனது, அதனால் வெல்க் பார்ப்பது அரிதான இடம். சி.எம்.இ. எப்படிப் பிறக்கிறது, எந்த நிமிஷத்தில் கிளம்புகிறது என்பதற்கு அது தங்கம். 2024 ஜூலை 16-ல் கிளம்பிய ஒன்றின் தொடக்க நேரத்தை அதை வைத்துக் கணித்தார்கள். ஆதித்யாவில் இருக்கிற மற்ற கருவிகள் எல்-1-ல் வந்து மோதும் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்கின்றன. அங்கே மோதியபின் 800 கி.மீ. வேகத்தில் பூமிக்கு வர அரை மணி நேரம். ஆக, பயணத்தின் முதல் 3 ஆரம், கடைசி ரெண்டு ஆரம். நடுவே 210 ஆரம் ஆதித்யாவின் வேலையே இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்காகச் செய்ததல்ல. ஆனால் அந்த 210 ஆரத்தில் இத்தனை வருஷம் புள்ளி வைத்துக்கொண்டிருந்த தொலைநோக்கி செங்கோட்டைக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவில் ஒரு மலைமேல் கிடக்கிறது என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

வேகமும் வருகை நேரமும் மட்டும் போதுமா என்றால், போதாது. பூமியில் என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சி.எம்.இ.க்குள் இருக்கிற காந்தப்புலம் தெற்குப் பார்த்து வருகிறதா, வடக்குப் பார்த்தா என்பது. தெற்கென்றால் பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு ஆற்றலைக் கொட்டும். வடக்கென்றால் அதே வேகத்தில் வந்தாலும் பெரும்பாலும் உரசிவிட்டுப் போய்விடும். இது எந்த வெள்ளொளிப் படத்திலும் தெரியாது. ஊட்டிச் சிமிட்டலிலும் தெரியாது. ரேடியோ அலையின் முனைவாக்கம் காந்தப்புலத்தில் திரும்புவதை வைத்து அளக்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் ஊட்டியின் டைபோல்கள் ஒரே ஒரு முனைவாக்கத்தை மட்டும் வாங்குகிறவை, அந்த வேலைக்கு ஆகாது. வலிமையும் எப்போதும் சேதத்தைச் சொல்லாது. 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்தன. அன்று இருந்தது மிகச் சிறிய காந்தப் புயல். ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிய நாளில் கப்பல் மூழ்கிய மாதிரி.

2025 மார்ச்சில் நாசா பஞ்ச் என்று நான்கு சிறு செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறது. 6 ஆரத்தில் இருந்து 180 ஆரம் வரை, முனைவாக்கத்தோடு படமெடுக்கும். நான் மேலே அடுக்கிய குறைகளில் தையல் பிரச்சினையும் கோணப் பிரச்சினையும் இதில் கணிசமாகத் தீரும், ஒரே கருவிக் குடும்பம் முழு நடுவழியையும் பார்ப்பதால். பஞ்ச் காட்டும் அடர்த்தி முகப்பும் சிமிட்டல் காட்டும் கொந்தளிப்பு முகப்பும் ஒரே சி.எம்.இ.யில் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று ஒப்பிட்டால், படகா அலையா என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். 80 ஆரம் என்பது தையலா நிஜமா என்பதும் தெரிந்துவிடும்.

2006 கட்டுரையின் 30 சி.எம்.இ.க்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அவையெல்லாம் ஸ்டீரியோ மேலே போவதற்கு முன்னால் வந்து போனவை, அப்போது லாஸ்கோவுக்கு ஒரே ஒரு கண். பக்கவாட்டில் நின்று கரோனாவைப் படமெடுத்தவர் யாருமில்லை. அவற்றின் கோணத்தை இனி எடுத்துத் திருத்த முடியாது. அவை நடுவழியில் எப்படி இருந்தன என்பதற்குப் பெரும்பாலும் மிச்சம் இருப்பது முத்தோரையிலும் ஜப்பானிலும் பதிவான அந்தச் சிமிட்டல்கள்தான்.